வேடிக்கை பார்க்க வந்தவள்

என் சித்தி 31 வருடம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். கூடலூரில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உலை வைப்பாள். பிள்ளைகளுக்கும் சித்தப்பாவுக்கும் எடுத்து வைத்துவிட்டு, தனக்குத் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு, ஆறு மணிக்குள் ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவாள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் போவார்கள். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளிச் சோதனைச் சாவடியைக் கடந்து, வண்டன்மேட்டுப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் இறங்கினால் சாயங்காலம்வரை முதுகு நிமிராது. ஏலக்காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. குனிந்துதான் எடுக்க வேண்டும். பிறகு அதே ஜீப், அதே மலை, வீட்டுக்கு வந்தால் ராத்திரிச் சோறு.

குமுளி பேருந்து நிலையத்திலிருந்து தேக்கடிப் படகுத்துறை நாலு கிலோமீட்டர்தான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கும் ஏரி அது. அந்த ஏரிக்குப் பிரியும் சாலையைத் தினமும் இரண்டு முறை கடந்துபோன என் சித்தி, 31 வருடத்தில் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. ஏன் சித்தி போகலை என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கிட்டுப் போயி என்ன வேல பாக்க?" என்றாள்.

இந்தப் பதிலை நான் பல வருடம் ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரி பிறரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு பெண் காட்டுக்குப் போனால் அங்கே அவளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அல்லது ஒரு வேண்டுதல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அவள் அங்கே நிற்கக் கூடாது. இது சித்தியாகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை. வீடும் ஊரும் தோட்டமும் சேர்ந்து அவளுக்குள் எழுதி வைத்தது. அதை அழித்தாக வேண்டும் என்பதே என் கட்சி. காட்டைச் சும்மா பார்க்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும். அந்தக் காட்டின் அடிவாரத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது முதலில் வேண்டும்.

'சும்மா' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். நம் வீடுகளில் இந்தச் சொல் யாருக்குக் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "உங்க அம்மா என்ன செய்றாங்க?" "வீட்ல சும்மாதான் இருக்காங்க." நாலு மணியிலிருந்து ராத்திரி பத்துவரை நின்றுகொண்டே இருப்பவளுக்கு நாம் கொடுத்திருக்கும் பெயர் இது. உண்மையாகவே சும்மா இருக்க அவள் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால், "என்ன, சும்மா உக்காந்திருக்க?" என்று அதே சொல் வசவாகத் திரும்பி வரும்.

இதே சும்மா ஒரே ஓர் இடத்தில் நல்ல விலைக்குப் போகிறது. காட்டு விடுதியில்.

தேக்கடியில் புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே, இடப்பாளையம் என்ற இடத்தில், லேக் பேலஸ் என்றொரு விடுதி இருக்கிறது. ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை. இன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி. ஆறே அறைகள். படகில்தான் போய்ச் சேர வேண்டும். வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எதிர்க்கரையில் யானை இறங்கும், காட்டெருமை மேயும், மிளா வந்து தண்ணீர் குடிக்கும். விருந்தாளி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் விலை. மேகமலையிலும் மூணாறிலும் தனியார் விடுதிகள் விற்பதும் இதையேதான்: தொலைபேசி எடுக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள், அமைதி, சும்மா இருக்கலாம். அப்படி ஒரு விடுதியின் ஒரு ராத்திரி வாடகையைச் சித்தியின் தினக்கூலியால் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அவள் குனிந்து காய் எடுத்தால் ஒரு ராத்திரி நிமிர்ந்து உட்காரலாம்.

விடுதிக்குப் போகிறவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. போகட்டும். நானும் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் அந்த அமைதி தானாக விளைந்தது என்று நம்புவதை மட்டும் விட்டுவிடுவோம். அங்கே விரிப்பை மாற்றியவள், பாத்திரம் கழுவியவள், காலைக்குக் காய் நறுக்கியவள் என்று விருந்தாளி சும்மா இருப்பதற்காகச் சும்மா இல்லாத கைகள் பின்கட்டில் இருக்கின்றன. ஏன், அந்த ஏரியே இயற்கையானதில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது தண்ணீரில் மூழ்கிய பள்ளத்தாக்கு அது. இன்றும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பட்ட மரங்கள் மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் மேல் உட்கார்ந்து சிறகு உலர்த்தும் நீர்க்காகங்களைத்தான் நாம் படம் எடுக்கிறோம். அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்பில் மின்சாரமாகி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. அந்த நெல்லுக்கு நாற்று நடுகிறவளும் குனிந்துதான் நடுகிறாள். ஆக, மேலே ஏலக்காயும் கீழே நாற்றும் அவளைக் குனிய வைத்திருக்க, நடுவில் இருக்கும் ஏரி மட்டும் நிமிர்ந்து பார்க்க வசதி உள்ளவர்களுக்கானது.

சரி, வசதி வந்த பெண்ணாவது காட்டுக்குப் போகலாமா? இதற்குத் தேனி மாவட்டம் ஒரு பதில் கேட்டது. அந்தப் பதிலை நான் மறக்கப்போவதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலை. கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து வந்திருந்த குழு மகளிர் தினத்தை ஒட்டிக் கிளம்பியது. அதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் இருந்தது. காய்ந்த போதைப்புல், மார்ச் மாதக் காற்று. இடம் தெரியாதவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்திருக்காது. குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான் முதலில் ஏறி, வெந்த உடம்புகளைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்து, எண்ணிக்கை 23 ஆனது.

அனுமதி வாங்கினார்களா, தீக்காலத்தில் பாதையை ஏன் மூடவில்லை, கூட்டிப்போனவர்களுக்கு என்ன பயிற்சி என்று கேட்ட கேள்விகள் நியாயமானவை. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஆனால் டீக்கடையில், பேருந்தில், வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் என் காதில் விழுந்த கேள்வி வேறு: "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு மலையேத்தம்?" புதுமணப் பெண்ணும் போயிருக்கிறாளாம், வீட்டில் எப்படி விட்டார்கள்? ராத்திரி அங்கேயே தங்கினார்களாமே? உடம்பு இன்னும் ஆறாத பிணங்களிடம் கேட்ட கேள்விகள் இவை.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களும் விலங்கு பார்க்கப் போனவர்கள்தான். அப்போது நாடு பேசியது படகின் வடிவமைப்பைப் பற்றி, ஏற்றிய ஆள் கணக்கைப் பற்றி, உயிர்காப்பு உடையைப் பற்றி. குடும்பத்தோடு போனவர்கள் என்பதால், 'எதற்குப் போனீர்கள்?' என்று யாரும் கேட்கவில்லை. புருஷனோடும் பிள்ளைகளோடும் போனால் விபத்து. தோழிகளோடு போனால் திமிர். குரங்கணியில் எரிந்த பெண்கள் செய்த குற்றம் வேலையும் வேண்டுதலும் குடும்பமும் இல்லாமல் மலையைப் பார்க்கப் போனது. அந்த ஒரு குற்றத்துக்காகத் தீயை விட்டுவிட்டு அவர்களை விசாரித்தோம்.

வேலைக்காகப் போகிறவளை மட்டும் தீ விட்டுவிடுகிறதா? இரண்டே வருடம் கழித்து, 2020 மார்ச் கடைசியில், கொரோனாவுக்காகப் பேருந்துகள் நின்றுபோன நாட்களில், இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் காட்டுப்பாதையில் நடந்து போடிப் பக்கத்து ராசிங்காபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அதே மலைத்தொடர். அதே மார்ச் மாதம். காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. ஒரு குழந்தை உட்பட நான்கு பேர் இறந்தார்கள். குரங்கணியை நினைவில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு ராசிங்காபுரம் நினைவிருக்கிறது? பார்க்கப் போய் இறந்தவளுக்கு அவதூறு மிஞ்சியது. வேலையிலிருந்து திரும்பி இறந்தவளுக்கு அதுகூட இல்லை. அவள் செய்தியின் ஓரத்தோடு போய்விட்டாள். எதற்காகப் போனாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வேலைக்குப் போனவளின் சாவு நமக்கு இயல்பாகத் தெரிகிறது. கேள்வியை இரண்டு இடத்திலும் தப்பாகத்தான் வைத்தோம்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததா? நம் பழம்பாடல்களில் குறிஞ்சி நிலத்துப் பெண் காட்டில்தான் இருக்கிறாள். ஆனால் தினைப்புனம் காக்கிறாள், கிளி ஓட்டுகிறாள். அதாவது வேலையில் இருக்கிறாள். வள்ளியும் அந்த வேலையில்தான் முருகனைச் சந்திக்கிறாள். குறிஞ்சிப்பாட்டில் மட்டும் தலைவியும் தோழியும் அருவியில் ஆடி, 99 பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்துக் களிக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் பூக்களின் பெயரை மனப்பாடம் செய்த நாம், அந்தப் பாட்டு யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்தோமா? மகள் மெலிந்துபோனது கண்டு கவலைப்படும் செவிலித்தாய்க்குத் தோழி சொல்லும் விளக்கம் அது. தமிழில் பெண்கள் காட்டை அத்தனை ஆசையாகப் பார்த்த பாட்டுக்கூட ஒரு வாக்குமூலமாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். கொண்டையும் அவளுடையது, ஊசியும் அவளுடையது, பூவும் அவளுடையது. பாதை மட்டும் அவளைப் பார்த்து, எதற்கு வந்தாய் என்கிறது.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, 14 நாள் கழித்து இந்த மலையில்தான் வேங்கை மரத்தடியில் நின்றாள் என்று இந்தப் பள்ளத்தாக்கு நம்புகிறது. தனியாகக் காட்டில் நின்ற ஒரு பெண்ணைச் சிலப்பதிகாரம் என்ன செய்தது? வானத்துக்கு அனுப்பித் தெய்வமாக்கியது. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, மக்களை விடுவார்கள். அன்றைக்குப் பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் பள்ளத்தாக்கின் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். என் சித்தி மூன்று முறை போயிருக்கிறாள். ஒருமுறை வந்ததும் கேட்டேன், சாமி எப்படி இருந்தது என்று. சாமியைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னாள், கூட்டம் என்று. பிறகு அரை மணி நேரம் மலைக்கு மேல் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் கம்பம் வயல் எல்லாம் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது என்றாள். சுருளிப்பட்டி திராட்சைப் பந்தல்கூடத் தெரியுதாம்.

அவளுக்கு ஆசை இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். சாமி பெயரைச் சொன்னால் கதவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாமிக்காகத் திறந்த கதவு வழியாகப் போய், தனக்காகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

இங்கே நம் பக்கத்தைச் சேர்ந்தவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பெண்ணுக்கும் இயற்கைக்கும் தொப்புள்கொடி உறவு, பெண் பிறவியிலேயே காட்டின் காவலாளி என்று பேசுகிறவர்களோடு. சிப்கோ என்றால் மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்ணின் படம் நம் நினைவுக்கு வரும். 1974இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரவெட்டிகளை மறித்து நின்றது உண்மை. விறகும் தழையும் போனால் அன்றாடம் போகும், மரம் போனால் மலை சரியும் என்று அறிந்து நின்றார்கள். அது பிழைப்பும் அரசியல் அறிவும். அதை நாம் தாய்மை ஆக்கினோம். தாய்மை ஆக்கியதும் என்ன வசதி என்றால், தாய்க்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இதற்குத் தேக்கடியே சாட்சி. 1990களின் இறுதியில், உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டில் வயணா மரப்பட்டை உரித்துக் கடத்திய ஆண்களையும் வேட்டையாடிய ஆண்களையும் வனத்துறை அழைத்துப் பேசி வழிகாட்டிகள் ஆக்கியது. நல்ல காரியம். இன்று சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் அவர்கள் மரியாதையாகச் சம்பாதிக்கிறார்கள். 2002இல் அதே காட்டோரத்துப் பெண்கள் வசந்த சேனா என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். முறை வைத்துக்கொண்டு, சிறு குழுக்களாகக் காட்டுக்குள் ரோந்து போய்ச் சந்தன மரத்தையும் விலங்குகளையும் காத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தவறாமல் புகழ்ந்தது ஒன்றை: அவர்கள் ஊதியம் வாங்குவதில்லை.

திரும்பப் படித்துப் பாருங்கள். காட்டைத் திருடிய ஆண் திருந்தினால் அவனுக்கு வருமானம். எதையும் திருடாத பெண் காவல் காத்தால் அவளுக்குப் பாராட்டு. அந்தப் பெண்களின் துணிச்சலை நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேசமாட்டேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு வந்து புலி நடமாடும் காட்டில் நடந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெருமை அவர்களுக்கு. அந்த இலவசத்தைக் கொண்டாடும் நமக்கு என்ன பெருமை? தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில் 2013இல் தொடங்கிய 'பிளாக் மாம்பாஸ்' என்ற ரோந்துப் படையும் பெரும்பாலும் பெண்களால் ஆனதுதான். கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அந்தப் பெண்களுக்கும் காட்டின் மேல் அன்பு இருக்கும். அன்பு இருக்கிறது என்பதற்காகச் சம்பளத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

காட்டு விலங்கின் மேல் வைக்கும் அன்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023இல் அரிக்கொம்பனை நாடே பார்த்தது. சின்னக்கானல் பக்கம் அரிசி தேடி ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்த யானை. ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அது மேகமலைக்கு நடந்தது; மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது. 144 தடை போட்டார்கள். ஜூன் முதல் வாரம் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த யானைக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் சமூக ஊடகத்தில் அதற்காக உருகியவர்கள், அரிசி தேடி வரும் யானை எந்த அறையைத் தேடி வரும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அடுப்படியை. லயத்து வீட்டின் தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் யானை, இந்தப் பக்கம் உலை வைக்க எழுந்தவள். மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் வரக் கூடாது என்று தடை வந்தது. சரிதான். மணலாற்றிலும் இரவங்கலாற்றிலும் குடியிருக்கும் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் எங்கே போவார்கள்? யானை ஒருத்திக்கு விடுமுறைக் காட்சி, இன்னொருத்திக்கு விடிகாலைப் பயம். இரண்டு பேரும் ஒரே யானையைப் பார்ப்பதில்லை.

அட்டைகூட அப்படித்தான். காட்டுநடை போகும் பயணிக்கு முழங்கால்வரை அட்டை உறை கட்டிவிடுகிறார்கள். காய் எடுக்கிறவள் புகையிலையையும் உப்பையும் தேய்த்துக்கொண்டு இறங்குகிறாள். கடி ஒன்றுதான். ஒன்று அனுபவம், ஒன்று கூலி.

என்னோடு மாறுபடுவோர் இரண்டு வகை. முதல் வகை, தோழர்கள். "முதலில் கூலி, போனஸ், வீடு. படகுச் சவாரி எல்லாம் அப்புறம்." தோழரே, 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை நடத்திய போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்கு எதிராகத் தமிழ்ப் பெண்கள், அதிலும் பெருமளவு தலித் பெண்கள், ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். சுற்றுலா ஊர் நின்றது. ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். பயணிகள் பச்சைக் கம்பளம் என்று படமெடுத்த தேயிலைச் சரிவுக்குள் ஆள் இருக்கிறது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கூலியும் ஓய்வும் வெவ்வேறு வரிசையில் நிற்கும் கோரிக்கைகள் என்று உங்களுக்கு யார் சொன்னது? எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளி மிச்ச நேரத்தைத் தனக்கென்று கேட்டான். ஆணுக்கு அது டீக்கடை, சீட்டு, சினிமா என்று கிடைத்தது. பெண்ணுக்கு அந்த மிச்ச நேரம் அடுப்படிக்குப் போனது. அதைத் திருப்பிக் கேட்பது எப்படி ஆடம்பரமாகும்?

இரண்டாம் வகை, காட்டு ஆர்வலர்கள். "எல்லோரும் காட்டுக்குள் வந்தால் காடு தாங்காது." ஒப்புக்கொள்கிறேன். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், தீக்காலத்தில் பாதைகளை மூட வேண்டும், விடுதிகள் பெருகக் கூடாது. வரம்பு போட்டுவிட்டு, அந்த வரம்புக்குள் யாரை விடுவது என்பதைப் பணத்திடம் ஒப்படைக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஆறு அறை என்றால் ஆறு அறையே இருக்கட்டும். அதில் ஓர் அறை வருடத்தில் சில நாளாவது மலையில் உழைக்கிறவளுக்கு இருக்கக் கூடாதா? 2024இல் தமிழ்நாடு அரசு 40 பாதைகளில் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. பெண்கள் பாதுகாப்பாக ஏற வழி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பாதைகளில் அடிவாரத்து ஊர்ப் பெண்களுக்குக் கட்டணமில்லாத நாள் ஒன்று வைத்தால் எந்தப் புலி கோபித்துக்கொள்ளும்?

போன வருடம் சித்திக்கு இடுப்புவலி முற்றி வேலையை விட்டாள். ஒரு நாள் கட்டாயப்படுத்தித் தேக்கடிக்குக் கூட்டிப்போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் புளிச்சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள். கொண்டுவராமல் வெளியே கிளம்ப அவளுக்குத் தெரியாது. உயிர்காப்பு உடையை மாட்டும்போது, "எதுக்குத்தா இது, சாக்கு மாதிரி" என்றாள். படகு கிளம்பியது. அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இடது கரையில் ஐந்தாறு யானைகள், ஒரு குட்டியும். படகில் எல்லோரும் எழுந்து கத்த, ஊழியர் உட்காரச் சொல்லி அதட்டினார்.

சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஓட வேணாம்ல?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. படகு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கியபின் சொன்னாள்: "எம்புட்டு தடவ ஆனைக்கு முன்னாடி ஓடிருக்கேன். அதுக்குக் கண்ணு இம்புட்டுச் சின்னதுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

31 வருடம் யானைகள் நடமாடும் மலையில் உழைத்த ஒருத்திக்கு யானையின் கண்ணைப் பார்க்க ஒரு நாள் தேவைப்பட்டது. அந்த நாளை அவளுக்குத் தராமல் வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அவள் மலைக்குப் போய்க் கொண்டுவந்த காசில் படித்தவர்களில் நானும் உண்டு. படித்த நான் படகில் பலமுறை போயிருக்கிறேன்.

எனவே என் கோரிக்கைகளைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காட்டைக் காக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் வேண்டும். மலைக்குப் போகும் ஜீப்பில் ஆளுக்கு ஓர் இருக்கை வேண்டும். தோட்டத்தில் கதவு உள்ள கழிப்பறை வேண்டும். கூலியோடு ஓய்வுநாள் வேண்டும். படகிலும் பாதையிலும் விடுதியிலும் இந்த மலையின் உழைப்பாளிப் பெண்களுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும். காட்டுக்குப் போன பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் தீயையும் படகையும் பாதையையும் விசாரிக்க வேண்டும். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று: நீங்கள் மலைக்குப் போகும்போது உங்கள் அம்மாவையும் சித்தியையும் அழைத்துப்போங்கள். சமைப்பதற்கு அல்ல.

சித்தியோடு ஜீப்பில் போன ஏழு பேர் இப்போது படகுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கட்டாயம் கேட்பார்கள், அங்கிட்டு என்ன வேலை என்று. என்ன பதில் சொல்வது என்று சித்தி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஒரு வேலையும் இல்லன்னு சொல்லுங்கடி."